ஒரு சாண் ஆழத்தில் தங்கம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து கிழக்கே கல்கூர்லிக்குப் போகும் நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் ஒரு பெரிய இரும்புக் குழாய் கூடவே வருகிறது. பொறியாளர் ஓ'கானரின் திட்டப்படி அமைந்த அந்தக் குழாய் 500 கி.மீ.க்கும் அப்பாலுள்ள அணையின் தண்ணீரை 1903 ஜனவரியில் தங்க வயல்களுக்குக் கொண்டுசேர்த்தது. பழியும் ஏளனமும் சூழ்ந்த நிலையில் அதற்கு முந்தைய ஆண்டே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பாடி ஹேனனும் அவருடைய இரு கூட்டாளிகளும் கல்கூர்லியில் தங்கம் கண்டது 1893 ஜூனில். அடுத்த பத்தாண்டுகள் அங்கே தண்ணீர்தான் அரிய பொருள். மண்ணை அலச வழியில்லாததால், களத்தில் நெல் தூற்றுவதுபோல் காற்றில் தூற்றினார்கள். புழுதி பறந்துபோக, கனமான தங்கம் தட்டில் நின்றது. அப்படித் தூற்றிய மேடுகள் இன்றும் கலையாமல் கிடக்கின்றன. மெட்டல் டிடெக்டரோடு வருகிறவர்கள் முதலில் தேடிப் போவது அந்த மேடுகளைத்தான்.

ஏப்ரல் தொடங்கி செப்டம்பர்வரை மென்ஸீஸ், லியனோரா, லாவர்ட்டன் ஊர்களின் பக்கத்து மண்சாலைகளில் தங்கம் தேடுவோரின் கேரவன்களும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளும் தென்படும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் அங்கே யாரும் நடக்க முடியாது. லியனோராவை ஒட்டிய குவாலியாவில் தகரமும் சாக்குத் துணியும் கொண்டு கட்டிய சுரங்கத் தொழிலாளர் குடிசைகளை அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். 1963 இறுதியில் சுரங்கம் மூடப்பட்டதும் சில வாரங்களில் ஊர் காலியானது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர், இளைஞராக மேலாளர் வேலை பார்த்த சுரங்கம் அது.

டிடெக்டரைக் கையில் பிடித்தவருக்குக் கண்ணைவிடக் காதுதான் வேலை செய்கிறது. தரையை ஒட்டி அசையும் வட்டக் கம்பிச்சுருள் மண்ணுக்குள் காந்தத் துடிப்புகளை அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் சுழன்று அடங்கும்; அது அடங்குவதைத்தான் கருவி கேட்கிறது. ஆஸ்திரேலியச் செம்மண்ணோ இரும்புத் தாது நிறைந்தது, மண்ணே சத்தம் போடும். அடிலெய்டின் மைன்லேப் நிறுவனத்துக்காக புரூஸ் கேண்டி உருவாக்கிய கருவி, வெவ்வேறு நீளமுள்ள துடிப்புகளை அனுப்பி மண்ணின் சத்தத்தைப் பெருமளவு கழித்துவிட்டது. 1995-ல் அது விற்பனைக்கு வந்த பிறகு, தீர்ந்துவிட்டது என்று கைவிட்ட இடங்களிலேயே மீண்டும் தங்கம் கிடைத்தது.

ஹெட்ஃபோனில் மெல்லிய ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். அது லேசாக ஏறி இறங்கினாலும் நின்று கொத்த வேண்டும். பெரும்பாலும் வருவது ஆணி, தோட்டா ஈயம், டின் துண்டு, பழைய பூட்ஸின் அடியாணி. இந்த வகைக் கருவி இரும்பையும் தங்கத்தையும் நம்பகமாகப் பிரித்துச் சொல்லாது. அதனால் அனுபவசாலிகள் ஒவ்வொரு ஒலியையும் தோண்டிப் பார்க்கிறார்கள், கொத்தில் காந்தம் பொருத்தி ஆணிகளை உடனுக்குடன் இழுத்துவிடுகிறார்கள். இந்தப் பொறுமைதான் இந்தத் தொழிலின் முழுத் திறமையும்.

பெரிய கட்டி கிடைப்பதும் கட்டுக்கதை அல்ல. விக்டோரியா மாநிலத்தின் கிங்கோவரில் 1980-ல் கெவின் ஹில்லியர் டிடெக்டர் கொண்டு கண்டெடுத்த கட்டியின் எடை சுமார் 27 கிலோ. அது ஏறக்குறைய ஓரடி ஆழத்தில்தான் இருந்தது. ஆனால் தேடுவோரில் பெரும்பாலோர் வீட்டுக்குக் கொண்டுபோவது மிளகளவுத் துணுக்குகளை. அதற்காகவே ஆண்டுதோறும் திரும்பி வருகிறார்கள்.

இரவில் முல்கா மர விறகு நின்று எரியும். நகர வெளிச்சம் எட்டாத வானத்தில் பால்வீதி தெளிவாகத் தெரியும். ஜூலை விடியலில் குளிர் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கிவிடும். கூடாரத்தைவிட ஸ்வாக் என்னும் கான்வாஸ் படுக்கைச் சுருளையே பலர் விரும்புகிறார்கள். கைபேசி சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் அவசரக் கருவி இல்லாமல் கிளம்புவது உயிரோடு விளையாடுவதாகும். மூடப்படாத பழைய சுரங்கக் கிணறுகள் புதருக்குள் வாய் திறந்து கிடப்பதால், இருட்டில் நடக்கவே கூடாது.

சட்டம் தாராளமானது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 'மைனர்ஸ் ரைட்' உரிமத்தைச் சொற்பக் கட்டணத்தில் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும். பிறருடைய ஆய்வு உரிமத்துக்கு உட்பட்ட நிலம் என்றால் தனி அனுமதி தேவை. கைக்கருவிகளால் இரண்டு மீட்டர்வரை தோண்டலாம். மேய்ச்சல் பண்ணையாருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கால்நடைகளுக்கான கிணறுகளிலிருந்து 400 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும்.

இந்த நிலத்துக்குப் பழைய காயம் ஒன்றும் உண்டு. பாறைக் குழிகளில் மழைநீரைக் காத்து வாழ்ந்தவர்கள் பூர்வகுடிகள். 1896-ல் பாலைவனத்தைக் கடந்த ஆய்வுப் பயணி டேவிட் கார்னகி, அவர்களைப் பிடித்துக் கட்டிவைத்து, நீர் இருக்கும் இடத்தைக் காட்டச் செய்தார். தங்கம் தேடி வந்தவர்கள் குடித்த நீர் யாருடையது என்பதை இன்று செல்பவர் அறிந்திருக்க வேண்டும்; பாறைக் குழிகளையும் புனித இடங்களையும் தொடாமல் விலகிச் செல்ல வேண்டும்.

அங்கே போனால், தோண்டிய குழியை அப்போதே மூடுங்கள், மாட்டின் கால் அதில் முறியக்கூடும். கிடைத்த ஆணியையும் ஈயத்தையும் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுவாருங்கள். அங்கேயே எறிந்தால், அடுத்து வருகிறவர் அதே ஆணிக்காக அதே மண்ணை மறுபடி தோண்டுவார்.