பந்து சோறு போடுமா?

"பந்து சோறு போடுமா டீச்சர்? நீங்களே சொல்லுங்க."

பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மா கேட்டார். அவர் மகள் என்னிடம் தமிழ் இலக்கியம் இரண்டாமாண்டு படிக்கிறாள். பள்ளியிலிருந்தே கால்பந்து ஆடுகிறவள். ஒரு மாதமாகப் பயிற்சிக்குப் போகவில்லை. வரன் பார்க்கிறார்கள். வெயிலில் கறுத்துவிட்டாளாம். ட்ரவுசர் போட்டு ஓடுவதை மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டால்?

நான் இந்துமதி கதிரேசனைப் பற்றிச் சொன்னேன். கடலூர்ப் பெண், இந்திய அணியில் ஆடியவர். 2018இல் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் பட்டம் பெற்றபோது அந்த அணியில் இருந்தார். அடுத்த ஆண்டு, மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றபோதும் ஆடினார். இறுதியாட்டத்தில் எதிரே நின்றது மணிப்பூர் காவல்துறையின் பெண்கள் அணி. இந்துமதியும் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர்தான். 2020 ஊரடங்கில் சென்னையில் காக்கி உடுத்திப் பணியில் நின்றவர்.

"எஸ்.ஐ.யா? கவர்மென்ட் வேலையா?" அந்த அம்மாவின் முகம் மாறியது. மறுநாளே மகள் பயிற்சிக்குப் போனாள்.

இரவில்தான் எனக்கு உறுத்தியது. நான் பந்துக்காகப் பேசவில்லை, காக்கிக்காகப் பேசியிருக்கிறேன்.

காக்கியைக் குறைத்துச் சொல்லவில்லை. 1973இல் தமிழ்நாடு காவல்துறையில் முதன்முதலாகச் சேர்ந்த பெண்கள் 22 பேர்தான். சொந்தச் சம்பளம் ஒரு பெண்ணுக்கு என்ன தரும் என்பதும் எனக்குத் தெரியும். ஏழைப் பையன்களுக்கும் பந்துதான் வேலை தந்திருக்கிறது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம்.விஜயன் அப்படித்தான் கேரளக் காவல்துறைக்குப் போனார். ஆனால் எந்தப் பையனிடமும் ஆடினால் கறுத்துவிடுவாய் என்று யாரும் சொல்வதில்லை. ஏரிக்கரைப் பக்கம் இருட்டும்வரை ஆடுகிறார்கள். ஆடுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியவள் பெண்தான்.

நானும் சொன்னவள்தான். எழுதி என்ன கிடைக்கும் என்று வீட்டில் கேட்டபோது கவிதையைக் காட்டவில்லை, பிஎச்.டி.யைக் காட்டினேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் பெருங்களத்தூர் ஸ்டேஷனில் கேட்டாள்: "எனக்குப் போலீஸ் வேலை கிடைக்கலைன்னா, நான் ஆடினதெல்லாம் தப்பாயிடுமா மேம்?"

ரயில் வந்துவிட்டது. பதில் சொல்லாமலே ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். இந்துமதி பேச்சை எடுக்கவில்லை. "சின்ன வயசுல நீங்க என்ன விளையாடுவீங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன். வெட்கத்தோடு சிரித்தார்.

"கோகோ. என்னைத் தொட முடியாது டீச்சர். வயசுக்கு வந்ததும் நிறுத்திட்டாங்க."

"அது சோறு போட்டுச்சா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த மகளின் ஜெர்சியை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார்: "இல்ல. ஆனா நிறுத்தினப்ப மூணு நாள் சாப்பிடல."