பைம்பொழிலில் ஒரு பிடி இலை மண்

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அருவியில் குளிக்கிறார்கள், மங்குஸ்தான் பழமும் சிப்ஸும் வாங்குகிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். இந்தத் தடவை சாரல் சீசனுக்குப் போகிறீர்களா? அரை நாளைப் பண்பொழிக்கென்று ஒதுக்கி வையுங்கள். செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். பைம்பொழில் என்ற பழைய பேர்தான் வாய்ப்பழக்கத்தில் பண்பொழி ஆகிவிட்டது. பசுஞ்சோலை என்று அர்த்தம். பேருக்கு ஏற்ற ஊர்தான்!

மலைமேல் நின்று பார்த்தால்...

ஊருக்குப் பக்கத்திலேயே சின்ன மலை. அதன் உச்சியில் திருமலைக் குமாரசுவாமி கோவில். தெம்பு இருக்கிறவர்கள் படியேறலாம். முட்டுவலிக்காரர்களும் கைக்குழந்தைக்காரர்களும் கவலைப்பட வேண்டாம், மேலே வரை வண்டிப்பாதை இருக்கிறது. சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து நில்லுங்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், காற்று அப்படி அடிக்கும்! ஒரு பக்கம் வயலும் குளமும் தென்னந்தோப்பும். மேற்கே திரும்பினால் மேகம் போர்த்திய மேற்குத் தொடர்ச்சி மலை.

அந்த மலையடியில்தான் மேக்கரை. அங்கே அனுமன் நதிக்குக் குறுக்கே 132 அடி உயரத்தில் அடவிநயினார் அணை. அடவி என்றால் காடு. அனுமன் நதி சிற்றாற்றில் சேர்கிறது. சிற்றாறு தாமிரபரணியில் சேர்கிறது. குற்றால அருவியாக விழுவதும் அதே சிற்றாறுதான்.

மழை நின்று நாலு நாள் ஆன பிறகும் ஓடைகளில் தண்ணீர் வருகிறதே, அது எங்கேயிருந்து வருகிறது? கோவில் அடிவாரத்தில் பூ விற்ற ஆச்சியிடம் கேட்டேன். “பாறை மேல ஏது தாயி மண்ணு? எலைதான் மக்கி மக்கி மண்ணாக் கெடக்கு. அது நனைஞ்சு கெடக்குற மட்டும் ஓடையில தண்ணி வரும்” என்றார். ஒரு பாடப் புத்தகமே அந்த இரண்டு வரியில் அடக்கம்!

இலை எப்படி மண்ணாகிறது?

இந்த மலைகளின் பாறை ஐம்பது கோடி வருஷத்துக்கும் மேல் பழையது. கருங்கல் மாதிரி கெட்டி. செங்குத்தான சரிவுகளில் அதன்மேல் கனமாக மண் தங்குவதில்லை. முதலில் பாசி படர்கிறது. வெடிப்பில் ஒரு பெரணி வேர்விடுகிறது. அதில் இலை வந்து சிக்குகிறது. பூஞ்சணமும் மரவட்டையும் மண்புழுவும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் அதைத் தின்று செரித்துக் கறுப்புப் பொடியாக்குகின்றன. அடுத்த வருஷ இலை அதன்மேல் விழுகிறது.

இதைப் பார்க்க நீங்கள் காட்டுக்குள் போகவே வேண்டாம். மரம் அடர்ந்த பழைய தோப்பு எதிலாவது, தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மரத்தடியில் ஒரு குச்சியால் மெல்லக் கிளறிக் குழந்தைக்குக் காட்டுங்கள். மேலே காய்ந்த இலை. அதன் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய சல்லடை இலை. இன்னும் கீழே, இலையா மண்ணா என்று சொல்ல முடியாத கறுப்பு. வெள்ளை நூல் நூலாகத் தெரிவது பூஞ்சணம். முகர்ந்தால் முதல் மழை வாசனை!

இந்தக் கறுப்பு மக்கு, தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சொட்டுச் சொட்டாக விடும். நாம் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடுகிறோமே, அது மாதிரி.

எரிமலைத் தீவில் இதே கதை

இப்படி இலையாலேயே ஆன மண் உலகத்தில் இன்னோர் இடத்தில் ரொம்பத் துலக்கமாகத் தெரிகிறது. பசிபிக் கடலில் இருக்கிற ஹவாய்த் தீவு. அங்கே பாறை எரிமலைக் குழம்பு உறைந்தது. நம் மலைப்பாறை அப்படிப்பட்டதல்ல. ஆனால் அதன்மேல் நடக்கிற வேலை ஒன்றேதான். ஹீலோ நகரத்துப் பக்கம் கொட்டுகிற மழையில், கறுத்த பாறை வெடிப்பில் முதலில் முளைக்கிற மரங்களில் ஒன்று ஓஹியா. நம் நாவல் மரத்தின் குடும்பம்தான். சிவப்பாகக் குஞ்சம் போலப் பூக்கும். அதன் இலையும் பெரணி இலையும் மக்கி, பாறைமேல் சில அங்குலம் கனத்துக்கு மண் ஆகிறது. இந்த வகை மண்ணுக்கு விஞ்ஞானிகள் வைத்த பேர் ‘ஃபோலிஸ்ட்’. இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

அங்கே ஒரு வசதி. சமீப நூற்றாண்டுகளில் குழம்பு எந்த வருஷம் ஓடியது என்று குறிப்பு இருக்கிறது. ஆகவே மண்ணின் வயசைக் கணக்குப் போடலாம். நூறு வருஷத்தில் மரங்கள் வந்துவிடுகின்றன. காலடி மண்ணோ பல இடங்களில் விரல் கனம்கூட இல்லை! நம் கொள்ளுப்பாட்டி காலத்திலிருந்து சேர்ந்த சொத்து, ஒரு விரல் கனம். 2018-ல் கீலவேயா எரிமலை பொங்கியபோது அந்தத் தீவில் 700 வீடுகளுக்கு மேல் போயின. பப்பாளித் தோட்டங்களும் குழம்புக்கு அடியில் போயின. அங்கே இலை மண் மறுபடி முதல் பாசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நம் பக்கம் எரிமலை இல்லை. ஆனால் கோடையில் வீசி எறிந்த ஒரு தீக்குச்சி போதும். ‘ரோஜாத் தொட்டிக்கு நல்லது’ என்று ஆளுக்கொரு மூட்டை இலை மண் அள்ளி வந்தாலும் போதும். அதை எடுத்துவிட்டால் கீழே இருப்பது வெறும் பாறை. பெய்கிற மழை தங்காமல் ஓடிப்போகும். காட்டின் இலையும் மேல்மண்ணும் வனச் சட்டப்படி வனப்பொருள்தான்; அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம்.

வீட்டிலேயே செய்யலாமே!

அடியில் ஓட்டை போட்ட பழைய பானை அல்லது சாக்கு. அதில் வேம்பு, மா, புங்கம் என்று எந்தச் சருகையும் நொறுக்கி அமுக்குங்கள். நடுநடுவே ஒரு கை பழைய தொட்டி மண், கொஞ்சம் சாணிக் கரைசல். பிழிந்த துணிபோல ஈரம் இருந்தால் போதும். சொதசொதவென்று ஆனால் நாறும். நிழலில் வைத்து, மாதம் ஒரு முறை கிளறிவிடுங்கள். ஐந்தாறு மாதத்தில் கறுப்பாக உதிரும். இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு கலந்து தொட்டியில் போட்டால் கறிவேப்பிலையும் மல்லிகையும் தளதளவென்று வரும். கிளறிய பிறகு, குழந்தைகளுக்கும் சேர்த்து, கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். குழந்தைக்கு ஸ்வெட்டரும் மாற்று உடையும் கூடவே இருக்கட்டும். ஈரச் சருகில் அட்டை இருக்கும். காலை மூடிய உடை நல்லது. மலைமேல் உள்ள அருவிகளுக்கு வனத்துறை அனுமதியில்லாமல் போகாதீர்கள். இலை மண்ணும் ஓரளவுக்குத்தான் தாங்கும். வயிறு நிறைந்துவிட்டால் மிச்சம் வெள்ளமாக வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். மேலே வானம் கறுத்தாலோ, தண்ணீர் கலங்கினாலோ, காவலர் விசில் ஊதினாலோ, ‘இன்னும் ஒரே ஒரு முழுக்கு’ என்று நிற்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

திரும்பும்போது பையில் பழம் இருக்கட்டும், பிரசாதம் இருக்கட்டும். இலை மண் மட்டும் காட்டிலேயே இருக்கட்டும். உங்கள் பேத்தி வந்து குளிக்கும்போதும் அருவியில் தண்ணீர் விழ வேண்டுமல்லவா?