அளந்த அரிசியில் ஒரு பிடி

பிடி அரிசிக்கு அளவு கிடையாது. உழக்கு, நாழி, படி என்று அரிசி அளக்க எத்தனையோ இருந்தும் இந்தக் காணிக்கைக்கு அவரவர் கைதான் அளவு. உலை வைத்ததும் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் பானை கோயிலுக்குப் போகும். அங்கே எல்லார் வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டுவார்கள். பொன்னி, ரேஷன் அரிசி, புழுங்கல், பச்சை எல்லாம் கலந்துவிடும். அப்புறம் எது யார் வீட்டு அரிசி என்று யாராலும் பிரிக்க முடியாது. ஒரே பதமாக வேகாது என்பதால் எங்கள் பக்கத்தில் அந்தக் கலப்பரிசியை இட்லிக்கு அரைக்கவென்று ஏலத்தில் எடுப்பார்கள்.

யார் கொடுத்தது என்று தெரியாமல் போகிற அந்தக் கலப்பின் மேல் எனக்குத் தீராத பிரியம். வலக்கை கொடுப்பது இடக்கைக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று இயேசு மலைமேல் உட்கார்ந்து சொன்னதை, எந்த விளக்கவுரையும் கேட்காமல் பானையும் சாக்குமாகச் செய்துகாட்டியவர்கள் நம் வீட்டுப் பெண்கள்.

அவர் அதைச் சொல்லும் மத்தேயு ஆறாம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசிக்கிறவர்கள் இப்போது குறைவு. பிரசங்க வசதிக்காகத் துண்டு போட்டுவிட்டோம். காணிக்கை பற்றிப் பேச முதல் துண்டு, உபவாசக் கூட்டத்துக்கு நடுத்துண்டு. யாருக்காவது வேலை போய்விட்டால் கடைசியில் வரும் பறவைகளும் காட்டுப் பூக்களும். முழுதாக வாசித்துப் பாருங்கள். தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் மறைவில் செய்யச் சொல்லிவிட்டு, அதே பேச்சில் பூச்சியும் துருவும் அரிக்கிற பொக்கிஷத்துக்கு வருகிறார். அங்கிருந்து இரண்டு எஜமானுக்கு ஊழியம் செய்ய முடியாது என்பதற்கு. அங்கிருந்து நாளையைப் பற்றிய கவலைக்கு. இதெல்லாம் ஒரே விஷயம் என்றுதான் நான் நம்புகிறேன். ஊர் பார்க்கும்படி தர்மம் செய்வதும், யாருக்கும் கொடுக்காமல் சேர்த்து வைப்பதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: என்னைப் பார்த்துக்கொள்ள என்னைத் தவிர வேறு ஒருவரும் இல்லை என்கிற பயத்திலிருந்து. அந்தப் பயத்துக்கு நடுவே அவர் ஒரு ஜெபத்தைக் கற்றுத்தருகிறார். அதில் ஆகாரம் கேட்கும்போது அன்றைக்கு வேண்டியதை மட்டுமே கேட்கச் சொல்கிறார்.

அம்மா அரிசியை உழக்கால் அளந்து சுளகில் போடுவாள். பிடி எடுப்பது அந்தச் சுளகிலிருந்து. பக்கத்திலேயே மூட்டை இருக்கும், அதைத் தொடமாட்டாள். அளந்ததில் எடுத்தால் நம் சோறு குறையுமே, மூட்டையில் எடுத்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "மூட்டையில எடுத்தா மூட்டைக்குல்லா கொறையும். நமக்கு என்னல கொறைஞ்சுது?" என்றாள். தசமபாகம் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். இதற்குமேல் தெளிவாகச் சொன்னவர் யாரும் இல்லை.

அப்பாவின் சம்பளம் தள்ளிப்போகிற மாதங்களில் பக்கத்து வீட்டு மைனியிடம் கைமாற்றாக அரிசி வாங்கி வருவாள். அதிலும் ஒரு பிடி பானைக்குப் போகும். கடன் அரிசியில் காணிக்கை கொடுக்கலாமா என்று அந்த வயதில் எனக்குப் பெரிய குழப்பம். கடனை அவள் முழு உழக்காகத்தான் திருப்பிக் கொடுத்தாள். குறைந்தது எங்கள் தட்டில்தான். எடுத்த பிடியை உடனே பானையில் போட்டுவிட மாட்டாள். மூடிய கையோடு கொஞ்ச நேரம் நிற்பாள், உதடு அசையும். ஒரு பிடிக்கு ஓர் ஆள் என்று வைத்து ஜெபித்திருக்கிறாள் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. யார் யாருக்காக என்று கடைசிவரை சொல்லவில்லை. மலைப்பிரசங்கம் சொல்லும் மூன்றும் அந்த அடுப்படியில் ஒன்றாக நடந்திருக்கின்றன: கொடுத்தது தர்மம், உதடு அசைந்தது ஜெபம், ஒரு வாய் குறைத்துச் சாப்பிட்டது உபவாசம். மூன்றுக்கும் சேர்த்து உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

எருசலேம் ஆலயத்தில் 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்தன என்றும் அவை எக்காள வடிவில் இருந்தன என்றும் யூதர்களின் மிஷ்னா சொல்கிறது. அப்படிப்பட்ட பெட்டிகளுக்கு எதிரேதான் இயேசு உட்கார்ந்து, ஜனங்கள் பணம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழை விதவை ஒருத்தி இரண்டு காசு போட்டாள். அன்றைய கணக்கில் அந்த இரண்டும் சேர்ந்தாலே ஒரு நாள் கூலியில் 64-ல் ஒரு பங்குதான். அவர் சீஷர்களைக் கூப்பிட்டு அவளைப் பற்றிச் சொன்னார், அவளைக் கூப்பிடவில்லை. அவள் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டாள். தன்னை ஒருவர் பார்த்ததோ புகழ்ந்ததோ அவளுக்குத் தெரிந்ததாக மாற்கு எழுதவில்லை. இந்தக் கதையைக் காட்டி ஏழைகளிடம் காணிக்கை கேட்கிறவர்கள் அதற்கு இரண்டு வசனம் முன்னால் போய் வாசிக்க வேண்டும். விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டுப் பார்வைக்கு நீளமாக ஜெபம் பண்ணுகிறவர்களை அங்கேதான் அவர் கண்டிக்கிறார்.

மலைப்பிரசங்கத்தை எழுத்துக்கு எழுத்து நம்பிய ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆந்தணி நாரிஸ் குரோவ்ஸ் இங்கிலாந்தில் எக்ஸீட்டர் நகரத்துப் பல் வைத்தியர். நல்ல வருமானம். அவரும் மனைவியும் முதலில் பத்தில் ஒன்று கொடுத்தார்கள், பிறகு நாலில் ஒன்று, பிறகு குடும்பச் செலவு போக மீதி எல்லாம். பூமியிலே பொக்கிஷம் சேர்க்க வேண்டாம் என்று இயேசு சொன்னதற்கு அது சொல்லுகிற அர்த்தம்தான் அர்த்தம் என்று 1825-ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். மிஷனரியாகப் போவதற்காக டப்ளின் கல்லூரியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த பயணத்துக்கு 40 பவுனும் வரி கட்ட 16 பவுனும் எடுத்துவைத்திருந்த வேளையில் வீட்டில் திருடன் புகுந்தான். பயணப் பணம் போயிற்று, வரிப் பணம் தப்பியது. கன்னமிட்டுத் திருடுகிறவர்களைப் பற்றிய அந்த வசனத்தை வைத்தே புத்தகம் எழுதி அச்சிட்டவருக்கு இப்படி நடந்தது. போக வேண்டாம் என்பதற்கு இதுவே பதில் என்று எடுத்துக்கொண்டு பரீட்சையை விட்டார். 1829-ல் எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லாமல் குடும்பத்தோடு பாக்தாதுக்குப் புறப்பட்டார். 1831-ல் அங்கே கொள்ளைநோயும் வெள்ளமும் சேர்ந்து வந்தன. மனைவி இறந்தார். அதே ஆண்டில் கைக்குழந்தையும் போயிற்று.

அவருடைய தங்கை மேரியைத்தான் 1830-ல் ஜார்ஜ் முல்லர் மணந்தார். முல்லர் அப்போது டின்மத் என்ற சிற்றூர்ச் சபையின் போதகர், வருஷத்துக்கு 55 பவுன் சம்பளம். கோயிலில் முன்வரிசை நல்ல பெஞ்சுகளுக்குக் கூடுதல் வாடகை வாங்கிச் சேர்த்த பணம் அது. ஏழை பின்னாலும் பணக்காரன் முன்னாலும் உட்காரும் ஏற்பாட்டில் வருகிற சம்பளம் வேண்டாம் என்று கல்யாணமான அந்த மாதமே விட்டுவிட்டார். கோயிலில் ஒரு பெட்டி வைத்தார்கள், விருப்பமுள்ளவர்கள் போட்டார்கள். பிறகு பிரிஸ்டலில் 1836-ல் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு வாடகை வீடு. 1849-லிருந்து 1870-க்குள் ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்கள், ஒரே சமயத்தில் 2,000-க்கு மேல் பிள்ளைகள். இதற்காக எந்த மனிதரிடமும் பணம் கேட்பதில்லை, கடவுளிடம் மட்டும் கேட்பது என்பது அவர் கடைசிவரை காத்த விரதம்.

எனக்கு முல்லரிடம் மிகவும் பிடித்தது அவருடைய ரசீது. மறைவாகக் கொடுக்க வேண்டும், ஆனால் வாங்குகிறவன் கணக்குக் காட்டாமல் இருக்க முடியாது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? கொடுத்தவருக்கு ஒரு எண் போட்ட ரசீது போகும். வருஷ அறிக்கையில் அந்த எண்ணும் தொகையும் அச்சாகும், பெயர் இருக்காது. கொடுத்தவர் தன் ரசீதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பணம் சேர்ந்ததைத் தெரிந்துகொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது வெறும் எண். மோதிரம், வெள்ளிக்கரண்டி என்று கையில் இருந்ததை அனுப்பியவர்களும் அவர் கணக்கில் உண்டு. ஜெபத்தில் அத்தனை உறுதியான ஒருவர் கணக்கிலும் அத்தனை கறாராக இருந்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

முல்லரின் கதையை இன்று எடுத்துச் சொல்கிற விதம் எனக்குத் தாங்கவில்லை. ஜெபித்தார், கட்டடம் வந்தது. நீயும் விதை, நூறு மடங்கு வரும் என்கிறார்கள். அப்படியானால் அவருடைய மைத்துனரை என்ன செய்வது? இருவரும் வாசித்தது ஒரே அதிகாரம், நம்பியதும் ஒரே அளவு. குரோவ்ஸ் 1833-ல் பாக்தாதை விட்டு, நம் காவிரியில் மேலணை கட்டிய அதே ஆர்தர் காட்டனோடு இந்தியாவுக்கு வந்தார். ஊர் திரும்பி, ஆட்கள் சேர்த்துக்கொண்டு 1836-ல் மறுபடி வந்தார். சென்னையில் பல் வைத்தியம் பார்த்து எல்லாருக்கும் சோறு போட்டார். சித்தூரில் நிலம் வாங்கிப் பட்டுப்பூச்சி வளர்த்தார், அதில் நஷ்டப்பட்டுக் கடனில் விழுந்தார். 1853-ல் நோயாளியாக பிரிஸ்டலில் முல்லரின் வீட்டிலேயே இறந்தார். ஒருவருக்குக் கட்டடமும் ஒருவருக்குக் கடனும் கிடைத்தன. அந்த அதிகாரம் இருவருக்கும் வாக்களித்தது கட்டடத்தை அல்ல. பரமபிதா பார்க்கிறார் என்பதைத்தான்.

குரோவ்ஸ் பட்டபாடு வீண் என்று நான் நினைக்கவில்லை, அதற்குக் காரணம் ஒரு திருநெல்வேலிக்காரர். உக்கிரன்கோட்டையில் 1810-ல் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் பாளையங்கோட்டையில் மிஷனரி இரேனியஸ் ஐயரிடம் படித்தவர். குரோவ்ஸ் திருநெல்வேலிப் பக்கம் வந்தபோது அவரோடு சேர்ந்துகொண்டு மொழிபெயர்ப்பாளராக ஊர் ஊராகப் போனார். சம்பளம் தருகிறேன் என்றபோது மறுத்துவிட்டார். வெள்ளைக்கார மிஷன் கொடுக்கிற மாதச் சம்பளம்தான் உபதேசியாரின் மரியாதை என்றிருந்த காலம் அது. 1840-ல் கிறிஸ்தியான்பேட்டையை ஏற்படுத்தினார். அவரோடு இருந்தவர்களும் கைத்தொழில் செய்து பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்தார்கள். 1860-ல் அங்கே தொடங்கிய எழுப்புதல் திருநெல்வேலிச் சீமை முழுதும் பரவியது. அதை நடத்தியவர்கள் நம் ஜனங்கள், நம் பாஷையில். 1867-ல் அருளப்பன் காலமானார். ஆப்பிரிக்கா போன லிவிங்ஸ்டனைத் தெரிந்த நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இவர் பெயர் தெரிவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நம் காசில், நம் ஆட்களைக் கொண்டு என்ற எண்ணம் அப்புறம் வலுத்தது. வெள்ளாளன்விளை அசரியாவும் நண்பர்களும் 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தார்கள். 1912-ல் தோர்னக்கல் பேராயரான பிறகு, கொடுப்பதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார் அவர். பிடி அரிசியும் எங்கள் பக்கத்தோடு நிற்கவில்லை. மிசோரத்தில் 1910-லிருந்து பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வருகிறார்கள், அங்குள்ள சபையின் ஊழியத்தில் ஒரு பங்கு அதில் நடக்கிறது. காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டத்துக்காக எங்கள் தெரு மாமி ஒருத்தரும் டப்பா வைத்திருந்தார். அவர் டப்பாவை அம்மாவும் அம்மாவின் பானையை அவரும் பார்த்ததுண்டு, அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

எங்கள் சேகரத்தில் போன அறுப்பின் பண்டிகைக்குப் பிறகு ஒரு பட்டியல் அச்சிட்டார்கள். கொடுத்தவர் பெயர், தொகை. பெரிய தொகை மேலே, சிறியது கீழே. பெரிய தொகைக்காரர்கள் பெருமைப்படுவார்கள் என்பது அதில் சின்னத் தீங்கு. கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் ஐம்பது ரூபாய்க்கு நேரே தன் பெயரைப் பார்த்த ஒரு வயதான அம்மா, இனிமேல் உண்டியலில் போட்டுவிடுகிறேன் ஐயா, தாளில் எழுத வேண்டாம் என்று குருவானவரிடம் சொன்னார்கள். பெயர் போடாவிட்டால் பணத்தைக் கமிட்டி தின்றுவிட்டது என்பார்கள் என்று பொருளாளர் சொல்கிறார். அவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது. பட்டியலில் பெயருக்குப் பதிலாக ரசீது எண்ணை மட்டும், எண் வரிசையிலேயே போடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெருந்தொகை கொடுக்கிற இரண்டு பேர் தங்கள் பெயர் இல்லாவிட்டாலும் சம்மதம் என்று தாங்களாகவே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அது முதல் பொருளாக வருகிறது.