இதயத்தைத் திரையில் தேடியவன்

அண்ணனுக்கு இதயத் தசை தடித்திருக்கிறது, ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி என்றார் எக்கோ பார்த்த மருத்துவர். பரம்பரையில் வரக்கூடியதாம். “கூடப்பிறந்தவங்க எல்லாரும் ஒரு எக்கோ எடுத்துருங்க” என்றார். நான் எடுக்கவில்லை. பெங்களூரு மாரத்தஹள்ளி அறையில் மடிக்கணினியைத் திறந்து யூனிப்ராட் புரதத் தரவுத்தளத்தில் தேட ஆரம்பித்தேன். யாராவது கேட்டிருந்தால் ஆராய்ச்சி என்று சொல்லியிருப்பேன். உண்மையில் பயம்.

தேடுவது சுலபம்தான். இந்த நோயில் அதிகம் அடிபடும் மரபணுக்களில் ஒன்று எம்ஒய்பிபிசி3. அது தரும் புரதம் இதயத் தசை சுருங்குவதை ஒழுங்குபடுத்துகிறது. நீளம் 1,274 அமினோ அமிலங்கள். எந்த இடத்தில் எது மாறினால் என்ன ஆகும் என்று தளம் வரிசையாகக் காட்டுகிறது. 502ஆம் இடத்தில் ஆர்ஜினின் போய் டிரிப்டோஃபேன் வந்தால் நோய். படிக்கப் படிக்க எல்லாம் என் கைக்குள் வந்துவிட்ட மாதிரி ஒரு தைரியம்.

ஆனால் நம்மவர்களிடம் அதிகம் பேசப்பட்ட மாற்றத்துக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. அது மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு குறை. புரதமாக எழுதப்படாத இன்ட்ரான் பகுதியில் இருக்கிறது. அதனால் மரபணுச் செய்தியை வெட்டி ஒட்டும்போது புரதத்தின் வால் பகுதி கெடுகிறது. 2009இல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் பெருந்துறை எஸ். தண்டபாணியும் குழுவினரும் இதை விரிவாக எழுதினார்கள். அவர் பின்னாளில் பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனத்துக்கு வந்தார். தெற்காசியர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 4 பேரிடம் இந்தக் குறை உண்டு.

அத்தனை பேருக்கும் நோய் என்றால் ஊரே படுத்திருக்க வேண்டுமே! அந்தச் சந்தேகம் ஆய்வாளர்களுக்கும் இருந்தது. இந்தக் குறை உள்ளவர்களில் சிலரிடம் 389ஆம் இடத்திலும் ஒரு மாற்றம் சேர்ந்திருப்பதை 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. கூடவே வரும் வேறொரு இன்ட்ரான் மாற்றம்தான் நிஜமான குற்றவாளி என்றது 2020இல் வந்த இன்னொன்று. அதுவும் புரத வரிசையில் தெரியாது. மரபணுத் தொகுதி சார்ந்த நோமாட், க்ளின்வார் தளங்களைப் பார்த்தால்தான் தெரியும். புரதத் தரவுத்தளத்தைக் குறை சொல்வதற்கில்லை. புரதத்தை மட்டும் கேட்டது நான்.

அதைவிட முக்கியம், என் இதயச் சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்று எந்தத் தளமும் சொல்லாது. பெரியவர்களுக்கு 15 அல்லது அதற்கு மேல் இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால் நோய். ரத்த உறவில் நோய் இருந்தால் 13 என்றாலே யோசிப்பார்கள். கடைசியில் எக்கோ எடுத்தேன். இப்போதைக்குத் தடிப்பில்லை. பின்னாளிலும் வரலாம் என்பதால் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் ஈசிஜியும் எக்கோவும் எடுத்துவிடுங்கள். மரபணுச் சோதனையை முதலில் நோயுள்ளவருக்குச் செய்யச் சொல்லுங்கள். அவரிடம் காரணம் பிடிபட்டால்தான் மற்றவர்களிடம் எதைத் தேடுவது என்று தெரியும். தரவுத்தளத்தை அதன் பிறகு திறக்கலாம்.