ஆளுக்கு ரெண்டு லட்டு

எங்க கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கின அன்னிக்கு ஆளுக்கு ரெண்டு லட்டு குடுத்தாங்க. ரெண்டு பேருமே கடைகளுக்கு பில் போடற சாஃப்ட்வேர் செய்யறவங்க. "ரெண்டும் தனித்தனியாவே ஓடும், போட்டி இருந்தா நல்லதுதான்" என்று மேடையில் சொன்னார்கள். நானும் கை தட்டினேன் (லட்டு நல்லா இருந்துச்சு).

ஆறு மாசம் கழிச்சு திருநெல்வேலியில ஒரு ஜவுளிக்கடை. எனக்கு முன்னாடியே போய் உட்கார்ந்திருந்தது யாருங்கறீங்க? எங்க புது பங்காளி கம்பெனி ஆளேதான். கடை அண்ணாச்சி ரெண்டு விசிட்டிங் கார்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு, "ஒங்க ரெண்டு பேருக்கும் மொதலாளி ஒருத்தருதானாமே தம்பி? அப்ப யாரு கொறச்சுத் தாரீய?" என்றார். அவர் குறைக்க, நான் குறைக்க, கடைசியா நின்ன விலையைச் சொன்னா சிரிப்பீங்க.

அப்புறம்தான் ஒண்ணை மூடிடலாம்னு பேச்சு வந்தது. எதை மூடலாம்னு குறிப்பு எழுதச் சொன்னது என்னை. எங்க டீமில் 7 பேர்.

ராத்திரி எழுத உட்கார்ந்தப்ப கோலா கதைதான் ஞாபகத்துக்கு வந்தது. 1977-ல் இந்தியாவை விட்டுப் போன கோகோ கோலா, 1993-ல் திரும்பி வந்தப்ப ரமேஷ் சவுகானின் பார்லேகிட்ட இருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாத்தையும் வாங்கியது. ஃபேன்டாவுக்கு வழிவிட்டு கோல்ட் ஸ்பாட் காணாமல் போச்சு. (சின்ன வயசுல கல்யாண வீடுன்னாலே எனக்கு அதுதான். இன்னும் வருத்தம் உண்டு.) தம்ஸ் அப்பையும் ஆரம்பத்துல கண்டுக்காமதான் விட்டாங்க. ஆனா தம்ஸ் அப் குடிக்கறவன் கோக்குக்குத்தான் மாறுவான்னு என்ன நிச்சயம்? எதிர்ல பெப்ஸி நிக்குதே! மறுபடி விளம்பரம், கோக்குக்கு இல்லாத ஒரு முரட்டு முகம்னு அதைத் தூக்கி நிறுத்தினாங்க. 2021-ல் அந்த ஒரு பிராண்டோட விற்பனை மட்டும் 100 கோடி டாலர்.

அதனால எது நல்ல சாஃப்ட்வேர்னு நான் எழுதவே இல்லை. (உண்மையைச் சொன்னா அவங்களுதுதான் ஒரு படி மேல.) எங்களுதை மூடினா மளிகைக்கடை, மெடிக்கல் ஷாப்காரங்க அவங்களுதுக்கு வருவாங்களா, வெளிய போயிடுவாங்களா? 40 கடைக்கு போன் போட்டேன். முக்கால்வாசிப் பேர் வெளியதான்னாங்க. அதை அப்படியே எழுதிக் குடுத்தேன்.

இப்போ சின்னக் கடை எங்களுக்கு, பெரிய கடை அவங்களுக்குன்னு பிரிச்சிருக்காங்க. எங்க 7 பேர்ல ரெண்டு பேரை அந்தப் பக்கம் மாத்திட்டாங்க. அந்த ஜவுளிக்கடை பெருசா சின்னதாங்கறது மட்டும் இன்னும் முடிவாகல. நேத்து அண்ணாச்சியே போன் பண்ணி, "என்ன தம்பி, ரெண்டு பேரும் சேந்துக்கிட்டீயளாம்ல? வெலைய ஏத்தப் போறீயளோ?"ன்னு கேக்கறார்.