கடல் விலகிப் போகும் ஜேர்சித் தீவு

நமது இலங்கைக் கரைகளில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு. அலை அடிப்பதைப் பார்த்தே கடலுக்குப் பயந்து பழகியவர்கள் நாம். ஆனால் சத்தமே இல்லாமல் வரும் கடலை, ராத்தாவின் மகளைப் பார்க்க மார்ச் மாதத்தில் ஜேர்சித் தீவுக்குப் போனபோதுதான் கண்டேன்.

ஆங்கிலக் கால்வாயில், பிரான்ஸ் கரையிலிருந்து சுமார் 22 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது இச்சிறு தீவு. அங்கே நீர்மட்டம் 12 மீற்றர் வரை, அதாவது நாலு மாடி உயரத்துக்கு, ஏறி இறங்குகிறது. அத்திலாந்திக் சமுத்திர நீர் பிரான்சின் குடாவொன்றுக்குள் நெருக்குண்டு உயர்வதே இதற்குக் காரணம்.

மகளின் குசினிச் சுவரில், தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் வற்றுப்பெருக்கு அட்டவணையும் தொங்குகிறது. "பிறையைப் பார்த்தே கடலைச் சொல்லலாம், சாச்சி" என்றாள். உண்மைதான். தலைப்பிறையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால், அந்நாட்களில் கடல் மிக அதிகமாக வற்றும். அதே அளவுக்குப் பெருகும்.

தென்கிழக்குக் கரையில் கடல் வற்றியதும் பாறைகளும் மணல் திட்டுகளும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெளிப்பட்டன. கரையிலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீற்றர் தள்ளி, 1782இல் கட்டப்பட்ட சீமோர் கோபுரம் தரையில் நிற்பது போல் தெரிந்தது. பாறைக் குழிகளில் நண்டுகளும் சிறு மீன்களும் அகப்பட்டுக் கிடக்க, பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். குளிர்காலத்தைக் கழிக்க ஆர்க்டிக் பகுதியிலிருந்து வந்த கரிய வாத்துகள், வெளிப்பட்ட கடற்புல்லை மேய்ந்தன. 2000ஆம் ஆண்டில் இக்கரை ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் மகளின் கண் கடிகாரத்திலேயே இருந்தது. கடல் வற்றி முடியுமுன்பே "திரும்புவோம்" என்றாள். பெருக்கு நேராக முன்னால் மட்டும் வருவதில்லை. பள்ளமான ஓடைகளை முதலில் நிரப்பிக்கொண்டு முதுகுப் பக்கமாகவும் வரும். நாம் நிற்கும் திட்டு காய்ந்திருக்கும்போதே கரைக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். பெருக்கின் நடுப்பகுதியில், ஒரு மணித்தியாலத்தில் மூன்று மீற்றர் நீர் ஏறும் நாட்களும் உண்டு.

தென்மேற்கு முனையில் 1874இல் ஒளியேற்றப்பட்ட லா கோர்பியர் வெளிச்சவீடு இருக்கிறது. கடல் வற்றும்போது மட்டுமே அதற்கு நடந்து போகலாம். 1946 மே 28ஆம் திகதி, பெருக்கில் அகப்பட்ட பயணியொருவரைக் காப்பாற்றப் போய், வெளிச்சவீட்டு உதவிக் காவலர் பீட்டர் லார்பலெஸ்டியர் உயிரிழந்தார். அவரது நினைவுக்கல் அங்கே இருக்கிறது. இன்று நீர் ஏறத் தொடங்கும்போது எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கிறது.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் சகோதரிகளே, இத்தகைய கரையில் இறங்குமுன் அன்றைய வற்று நேரத்தைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். வற்றும் நீரின் பின்னே போய், அது திரும்புமுன் கரையேறிவிடுங்கள். வழி தெரிந்தவர் இல்லாமல் தூரம் போகாதீர்கள். சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.