ஆரணிப் பட்டும் மழை பேன்ட்டும்

அறுபது தாண்டும்வரை நான் பேன்ட் போட்டதில்லை, சுடிதார்கூடக் கிடையாது. திருச்சியில் காலமெல்லாம் கணக்கு டீச்சராக நின்றது முழுக்கப் புடவையில்தான். அந்த விரதம் கலைந்தது அலாஸ்கா போன கப்பலில். புடவையில் எடுத்த படங்கள் மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போயின. மற்றவை இன்னும் என் போனுக்குள்ளேயே கிடக்கின்றன. கோடை வந்தால் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவைக் கப்பலேற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கிளம்புகிறவர்கள் என்னிடம் வந்து, "என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்கிறார்கள். புடவைப் படங்களைக் காட்டிப் பாதி உண்மையோடு அனுப்பிக்கொண்டிருந்தேன். மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

சியாட்டிலில் ஏறினோம். கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, திரும்பும் வழியில் கனடாவின் விக்டோரியா, மறுபடி சியாட்டில். ஒரு வாரப் பயணம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு அறை, எனக்கும் சம்பந்தி அம்மாவுக்கும் ஒரு அறை. குளிரைவிடச் சம்பந்தி அம்மாவின் கண்ணுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். மகள் வாங்கிக் கொடுத்த இரண்டு பேன்ட்டும் பெட்டியின் அடியில், புடவைகளுக்குக் கீழே இருந்தன.

பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று வளர்ந்தவர்கள் நாம். அலாஸ்காவில் அது ஆகாது. பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், லேசில் காயாது, உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை வாங்கிவிடும். ஜூன் மாதப் பகலில் பெரும்பாலும் 10 முதல் 17 டிகிரி. ஊட்டி மாதிரிதானே என்று தோன்றும். ஊட்டியில் தூறலோடு கடல்காற்று அடிப்பதில்லை. அலாஸ்காவில் உதவுவது மூன்றடுக்கு உடை: உடம்பை ஒட்டி ஒரு தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ் அல்லது கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் இறங்காத, தலைமூடி வைத்த ஜாக்கெட். ஒரே தடித்த கோட்டு வசதிப்படாது. கப்பலுக்குள் கதகதப்பு, மேல்தளத்தில் நடுக்கம் என்று நாள் முழுக்கப் போட்டுப் போட்டுக் கழற்ற வேண்டியிருக்கும். குடையைக் காற்று ஒரு நிமிஷத்தில் திருப்பிவிடும், வேண்டாம்.

கெட்சிகனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னைக்கே 1,400-ஐ ஒட்டித்தான். அங்கே க்ரீக் ஸ்ட்ரீட் என்று, ஓடைக்கு மேலே மரக்கால்களில் நிற்கும் பழைய வீடுகளின் வரிசை இருக்கிறது. மரப்பலகை நடைபாதையில்தான் நடக்க வேண்டும். நான் குளியலறையில் பேன்ட்டை மாட்டிக்கொண்டு, ஜாக்கெட்டை முழங்கால்வரை இழுத்துவிட்டபடி வெளியே வந்தேன். சம்பந்தி அம்மா மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் புடவைக்குள் தெர்மல், மேலே ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லாய். குளிருக்கு அதுவே போதும், அதில் குறை சொல்ல மாட்டேன். குறை புடவையின் கீழ்க்கரையில்தான். அரைமணி நேரத்தில் அது ஒரு சாண் உயரத்துக்கு நனைந்து, காலைத் தட்டிவிட ஆரம்பித்தது. வழுக்கும் பலகையில் அந்த வயதில் அது விளையாட்டில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு இருட்டிலிருந்து குரல் வந்தது: "சம்பந்தி, உங்ககிட்ட இன்னொண்ணு இருக்கா?"

"இருக்கு. கொஞ்சம் நீளமா இருக்கும், மடிச்சு விட்டுக்கணும்."

அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இனி மற்றவை. துறைமுகத்திலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேரச் சாயங்காலம்கூட ஆகலாம். அதனால் பாஸ்போர்ட், மாத்திரை, கண்ணாடி, ஒரு மாற்றுடை எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை ஒருநாளும் பெரிய பெட்டியில் போடாதீர்கள். சியாட்டிலில் கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த கடல் வழியாகப் போகின்றன. அங்கே ஆட்டம் உண்டு. வாந்தி மாத்திரையை ஆட்டம் தொடங்குமுன்பே போட்டுக்கொள்ள வேண்டும், தூக்கம் வரும். கண்ணழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

தேய்ப்புப் பெட்டி, கெட்டில், மெழுகுவர்த்தி எதையும் உள்ளே விட மாட்டார்கள். கடலில் தீயைப் போல் பயம் வேறில்லை. மாப்பிள்ளையின் தேய்ப்புப் பெட்டியை ஸ்கேனில் பிடித்து எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் கொடுத்தார்கள். வெந்நீர் சாப்பாட்டுத் தளத்தில் எந்நேரமும் கிடைத்ததால் என் ப்ரூ பாக்கெட்டுகளுக்குக் குறைவில்லை. சீல் பிரிக்காத பருப்புப் பொடியும் ஊறுகாயும் பிரச்சினை இல்லாமல் வந்தன. எங்கள் கப்பலில் முதல் ராத்திரியே சாப்பாட்டு அறைப் பொறுப்பாளரிடம் சொல்லிவைத்தோம். மறுநாளிலிருந்து இந்தியச் சைவச் சமையல் தனியாக வந்தது, பொடி பாதிக்குமேல் மிஞ்சியது. அறையின் சுவர்கள் இரும்பு என்பதால் காந்தக் கொக்கி நான்கு கொண்டுபோனால் ஈர ஜாக்கெட்டை மாட்டலாம். ஜூனில் ஜூனோவில் சூரியன் மறைய இரவு பத்து ஆகிறது. ஜன்னல் உள்ள அறையென்றால் கண்ணுக்குக் கட்ட ஒரு துணி வேண்டும்.

ஸ்காக்வேயில் மலை ரயில் ஏறியபோதுதான் சாமான் மூட்டை என்றால் என்ன என்று தெரிந்தது. கனடாவின் க்ளாண்டைக்கில் தங்கம் என்று 1897-98இல் ஆயிரமாயிரம் பேர் இந்த ஊரில் வந்து இறங்கினார்கள். ஓராண்டுக்கான உணவு இல்லாதவரை எல்லைக்குள் விடுவதில்லை என்று கனடா போலீஸ் கணவாய் உச்சியில் நின்றது. கருவிகளோடு சேர்த்தால் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன். அதை முதுகிலேற்றிப் பனியில் பல தடவை ஏறி இறங்கினார்கள். வைட் பாஸ் என்ற கணவாய்ப் பாதையில் பாரம் இழுத்த குதிரைகள் ஏராளமாகச் செத்தன, அந்தப் பள்ளத்துக்கே செத்த குதிரைகளின் பெயர்தான். 1900இல் முடிந்த ரயில் பாதை அதற்கு மேலே போகிறது. சம்பந்தி அம்மா ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பி, "நம்ம பெட்டிக்கே உங்க பொண்ணு அந்தப் பேச்சு பேசினா" என்றார்.

கிளேசியர் பே அன்று தரையிறங்குவது இல்லை; பனியாற்றின் எதிரே கப்பல் நிற்கும், நாம் மேல்தளத்தில் நிற்க வேண்டும். 1794இல் மாலுமி வான்கூவர் வந்தபோது விரிகுடாவின் வாய்வரை பனி அடைத்திருந்தது. 1879இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் வருவதற்குள் அது பல பத்து கிலோமீட்டர் பின்வாங்கியிருந்தது. மார்ஜரி பனியாற்றிலிருந்து வரும் காற்று, மற்ற நாட்களின் குளிரையெல்லாம் பொருட்டில்லாமல் ஆக்கிவிடும். இருந்த மூன்றடுக்கையும் போட்டோம். கையுறை அவசியம், தொடுதிரையில் வேலை செய்கிற வகை என்றால் படமெடுக்கக் கழற்ற வேண்டாம். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று எங்கள் நால்வருக்கும் போதவில்லை. ஒரு நீலப் பாளம் பிளந்து தண்ணீரில் விழுந்தது; விழுந்த பிறகுதான் இடி மாதிரிச் சத்தம் வந்தது. அந்தக் கூட்டத்தில் போர்வை சுற்றியவர், குளியல் கோட்டில் வந்தவர், தலையில் துண்டு கட்டியவர் எல்லாரும் இருந்தார்கள். என் பேன்ட்டை யாரும் பார்க்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பட்டு விஷயத்தில் மட்டும் மகளோடு எனக்கு ஒப்புதல் இல்லை. "கப்பலுக்குப் பட்டெல்லாம் எதுக்கும்மா?" என்றாள். வாரத்தில் இரண்டு இரவு ஃபார்மல் உடை. பிடிக்காதவர்கள் பஃபேயில் சாப்பிட்டுக்கொள்ளலாம், கட்டாயமில்லை. ஆனால் கசங்கிய சட்டைக்கு மேல் கோட்டைப் பொத்தானிட்டு மாப்பிள்ளை தவித்தபோது, என் ஆரணிப் பட்டு மடிப்புக் கலையாமல் விரிந்தது. காஞ்சிபுரத்தின் பாதிக் கனம்கூட இல்லை, பெட்டியில் இடம் அடைக்காது. அந்த அறையில் இருந்த கவுன்களுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஒரு பட்டு கட்டாயம் எடுத்துப் போங்கள். பருத்திப் புடவைகளை மகள் வீட்டில் விட்டுவிடுங்கள்.

இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு ஒன்று. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி, அமெரிக்கத் துறைமுகங்களை மட்டும் சுற்றிவிட்டு அங்கேயே திரும்பக் கூடாது என்று 1886இலிருந்து சட்டம். சியாட்டில் கப்பல்கள் சாயங்காலம் சில மணிநேரம் விக்டோரியாவில் நிற்பது பெரும்பாலும் அதற்காகத்தான். அந்தச் சில மணிநேரத்துக்கும் கனடா விசா வேண்டும். இல்லாதவரைக் கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள். துணிக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

கடைசி இரவு பெட்டிகளைக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். விடிவதற்குள் எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் உடுத்துவதை வெளியே எடுத்து வைக்க மறந்து, இரவுடையில் சியாட்டிலில் இறங்குகிறவர்கள் உண்டு. நான் பேன்ட்டையும் ஒரு சட்டையையும் நாற்காலியில் போட்டேன். சம்பந்தி அம்மா வெகுநேரம் யோசித்தார்.

"வீட்டு வாசல்ல எதிர்வீட்டுத் தமிழ்க்காரங்க நிப்பாங்களே?"

"நிப்பாங்க."

அவர் ஒரு புடவையை எடுத்து வைத்தார். பேன்ட்டை அழகாக மடித்து, திருப்பிக் கொடுக்காமல், தன் பெட்டியிலேயே வைத்துக்கொண்டார்.